ஏற்காட்டில் கைப்பேசி வழி மாற்று இணைய இணைப்பு: ஒரு வரலாறு

வீட்டிற்கு வரும் கம்பிவழி இணையம் தடைப்படும்போது, கைப்பேசியின் தரவு இணைப்பைக் கணினிக்கும் பிற கருவிகளுக்கும் பகிர்ந்து பயன்படுத்துவது கைப்பேசி வழி மாற்று இணைய இணைப்பு எனப்படும். நகரங்களில் இது எப்போதாவது தேவைப்படும் வசதி. மழையும் மரமும் சரிவும் மிகுந்த மலையூர்களில் அன்றாட வாழ்வோடு சேர்ந்த ஏற்பாடு. சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் அமைந்துள்ள ஏற்காட்டையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் முன்வைத்து, தமிழ்நாட்டில் இம்முறை வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

மலையின் அமைப்பு

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஏற்காடு வட்டத்தின் பரப்பு காப்புக் காடுகளையும் சேர்த்துச் சுமார் 383 சதுர கிலோமீட்டர். ஏற்காடு ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் கோயில் அமைந்த உச்சி சுமார் 1620 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அடிவாரத்துச் சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் முதன்மை மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. குப்பனூர் வழியாக மற்றொரு பாதையும் உண்டு.

மலையில் ஏற்காடு ஊரைத் தவிர, வெள்ளக்கடை, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், மாரமங்கலம், வேலூர், தலைச்சோலை, வாழவந்தி ஆகிய ஊராட்சிகளும் அவற்றைச் சேர்ந்த பல குக்கிராமங்களும் உள்ளன. இங்குள்ள மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். பெயர் மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி பயிரிடத் தொடங்கியபின், மலையின் பெரும்பகுதி தோட்டங்களாக மாறியது. காப்பிச் செடிக்கு நிழல் தரச் சில்வர் ஓக் மரங்கள் வளர்க்கப்பட்டன. அவற்றின்மீது மிளகுக் கொடி ஏற்றப்பட்டது.

இந்த அமைப்பிலிருந்தே இங்குள்ள தொலைத்தொடர்புச் சிக்கல்கள் தொடங்குகின்றன. வீடுகள் தொலைவில் தனித்தனியாக உள்ளன. கம்பி செல்லும் வழியெங்கும் உயர்ந்த மரங்கள் நிற்கின்றன. காற்றிலும் மழையிலும் ஒரு கிளை முறிந்தால் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் சேர்ந்தே அறுகின்றன. சரிவுகளில் மண் இளகினால் கம்பங்கள் சாய்கின்றன. அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே சில நேரங்களில் ஒரு நாள் ஆகிவிடும்.

தொலைபேசிக் காலம்

இணையத்திற்கு முன்பும் மாற்று வழியின் தேவை இருந்தது. தொலைபேசி இயங்காதபோது தந்தியும், தந்தியும் இல்லாதபோது பேருந்தில் ஆள்வழி அனுப்பும் கடிதமும் அப்பணியைச் செய்தன. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 14 அன்று முடிவுக்கு வந்தது. ஏற்காட்டின் தொலைபேசிக் குறியீடு 04281. சேலத்தின் குறியீடு 0427. ஒரே மாவட்டத்தின் மலையும் அடிவாரமும் தனித்தனிக் குறியீடு கொண்டவை என்பதை எஸ்.டி.டி. காலத்தவர் நன்கு நினைவில் வைத்திருப்பார்கள்.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. தொடக்க வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். சென்னை உள்ளிட்ட ஒருசில பெருநகரங்களில்தான் அதற்கான நிலையங்கள் இருந்தன. பிற ஊரார் இணையத்தைத் தொட வேண்டுமானால் வெளியூர் அழைப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை உரிமம் தரும் கொள்கை வந்தது. 2000 அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் செயல்படத் தொடங்கியபின், அதன் சஞ்சார்நெட் சேவை சிறிய ஊர்களின் தொலைபேசிக் கம்பி வழியாகவும் கிடைத்தது.

அக்காலத்து மோடம், கம்பியில் குரலுக்குரிய இடத்தையே பயன்படுத்தியது. இணையத்தில் இருக்கும்போது தொலைபேசி மணி அடிக்காது. வெளியிலிருந்து அழைப்பவருக்கு இணைப்பு வேலையில் இருப்பதாக ஒலி கேட்கும். கம்பி அறுந்தால் பேச்சும் போனது, இணையமும் போனது. இரண்டும் ஒரே கம்பியை நம்பியிருந்ததால் மாற்று என்று ஒன்று இருக்க வழியில்லை.

கம்பியில்லா இணைப்பின் தொடக்கம்

கம்பி இழுக்கக் கடினமான ஊர்களுக்கு அலைவழி இணைப்பே தீர்வு என்ற எண்ணம் தமிழ்நாட்டிலேயே செயல்வடிவம் பெற்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா வழிநடத்திய குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 'கார்டெக்ட்' என்னும் முறையை உருவாக்கியது. ஒரே இணைப்பில் பேச்சையும், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் ஒரே நேரத்தில் இது தந்தது. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் இதன்மூலம் நடத்தப்பட்டன.

கார்டெக்ட் முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிலையக் கோபுரமும் வீட்டின் ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். பார்வை தடைபடாத சமவெளியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரை அது எட்டும். மடிப்பு மடிப்பாக இறங்கும் மலையில் பக்கத்துச் சரிவு வீடுகூடக் கோபுரத்தின் கண்ணில் படாது. மலையூர்களின் அலைவழி இணைப்புக்கு இன்றுவரை உள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே.

அடுத்ததாக வந்தது சி.டி.எம்.ஏ. முறை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் கம்பி எட்டாத வீடுகளுக்கு இம்முறையில் மேசைத் தொலைபேசிகளை வழங்கியது. 2003-இல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் இதே முறையில் கைப்பேசிச் சேவையை நாடெங்கும் கொண்டு சென்றது. இக்கைப்பேசியை ஒரு தரவு வடத்தின் மூலம் கணினியில் இணைத்தால், நொடிக்கு 144 கிலோபிட் வரை என்ற அளவில் இணையம் கிடைத்தது. அன்றைய தொலைபேசிக் கம்பி மோடத்தின் உச்ச அளவு 56 கிலோபிட். கைப்பேசி கம்பியை முந்திய முதல் தருணம் இது எனலாம். நடைமுறையில் கிடைத்த வேகம் மிகக் குறைவு. ஆயினும் கைப்பேசியைக் கணினியின் மோடமாகப் பயன்படுத்தும் பழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பரவியது இக்காலத்தில்தான்.

அகலப்பட்டையும் 'மாற்று' என்ற கருத்தும்

2004 அக்டோபரில் மத்திய அரசின் அகலப்பட்டைக் கொள்கை வெளியானது. நொடிக்கு 256 கிலோபிட் வேகமும் எப்போதும் இணைந்திருக்கும் தன்மையும் கொண்டதே அகலப்பட்டை என அது வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.-இன் 'டேட்டாஒன்' சேவை தொடங்கியது. அதே மாதத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. வீடுகளுக்குள் வைஃபை பரவ இது வழிவகுத்தது.

டேட்டாஒன் பழைய தாமிரக் கம்பியிலேயே குரலையும் தரவையும் பிரித்துக் கொண்டு சென்றது. ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும்; ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு நிற்பதே அரிது. ஏரியை ஒட்டிய கடைவீதிக்கும் விடுதிகளுக்கும் பொருந்திய இம்முறை, தொலைவிலுள்ள தோட்ட பங்களாக்களுக்கும் குக்கிராமங்களுக்கும் பொருந்தவில்லை. அதனால் மலையில் இருவகைப் பயனர்கள் உருவானார்கள். ஊர் நடுவில் இருப்பவருக்குக் கம்பி முதன்மை, கைப்பேசி மாற்று. ஊருக்கு வெளியே இருப்பவருக்குக் கைப்பேசியே முதன்மை. அவருக்கு மாற்று ஒன்றும் இல்லை. இந்த வேறுபாடு பின்வந்த எல்லாக் கட்டங்களிலும் தொடர்ந்தது.

'மாற்று இணைப்பு' என்ற கருத்து பொருள் பெற்றதும் அகலப்பட்டைக்குப் பிறகே. எப்போதும் இருக்கும் ஒன்று இல்லாமல் போகும்போதுதான் அதன் இழப்பு உணரப்படும். விடுதி முன்பதிவு, காப்பி விலை விவரம், பள்ளி அலுவலகக் கடிதங்கள் என ஒவ்வொன்றாக இணையத்திற்கு மாறிய பிறகு, இரண்டு நாள் கம்பி அறுந்தால் இரண்டு நாள் வேலை நின்றது.

கைப்பேசியே மோடமாக

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. சென்னை நீங்கலான தமிழ்நாட்டில் ஏர்செல் நிறுவனம் 1999-இல் சேவையைத் தொடங்கியது. பி.எஸ்.என்.எல். கைப்பேசிச் சேவை 2002 அக்டோபரில் வந்தது. 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகே கைப்பேசி எளியோர் கைக்கு வந்தது.

ஜி.பி.ஆர்.எஸ்., எட்ஜ் ஆகிய முறைகளில் தரவு கிடைத்தபோது, கைப்பேசியைக் கணினியோடு இணைக்க நிறுவனம் தரும் மென்பொருளும் வடமும் அல்லது புளூடூத்தும் தேவைப்பட்டன. இணைப்புப் பெயர், அழைப்பு எண் போன்ற அமைப்புகளைக் கையால் எழுத வேண்டும். மின்னஞ்சல் பார்க்கலாம், படம் ஒன்று இறங்க நேரமாகும்.

2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல். 3ஜி சேவை தொடங்கப்பட்டது. 2010-இல் நடந்த அலைக்கற்றை ஏலத்திற்குப்பின் தனியார் நிறுவனங்களும் 3ஜி வழங்கின. இக்காலத்தில் விரல் நீளமுள்ள டாங்கிள் என்னும் கருவி பரவலாயிற்று. சிம் அட்டையைப் பொருத்திக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் போதும். பல வீடுகளில் முதல் மாற்று இணைப்பாக இருந்தது இந்த டாங்கிளே. ஆனால் மாதம் முழுவதும் சும்மா கிடக்கும் ஒரு சிம் அட்டைக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

இந்தச் செலவை நீக்கியது ஒரு சிறிய மென்பொருள் மாற்றம். 2010 மே மாதம் வெளியான ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில், கைப்பேசியின் இணையத்தை யு.எஸ்.பி. வடம் வழியாகவும் வைஃபை ஹாட்ஸ்பாட்டாகவும் பகிரும் வசதி உள்ளடங்கியே வந்தது. ஐபோன்களில் 2011 மார்ச் மாதம் 4.3 பதிப்பின் மூலம் வைஃபை வழிப் பகிர்வு பொதுவானது. தனி மென்பொருளும் தனிக் கருவியும் தேவையில்லை. பையில் இருக்கும் கைப்பேசியே வீட்டின் இரண்டாவது மோடம் ஆயிற்று.

இரண்டாவது சிம் அட்டை

மலையில் ஒரு நிறுவனத்தின் அலை எட்டும் இடத்தில் மற்றொன்று எட்டாது. வீட்டு முற்றத்தில் ஒன்று, பின்கட்டில் வேறொன்று என்பதும் உண்டு. இதனால் இரட்டைச் சிம் கைப்பேசிகள் இங்கு விரைவில் பழக்கத்திற்கு வந்தன. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதியும் நடைமுறைக்கு வந்தது.

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் இடர்ப்பாட்டைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் நேரில் கண்டது. கடனில் சிக்கிய ஏர்செல் நிறுவனத்தின் சேவை அம்மாதப் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் திடீரென நின்றது. மாநிலத்தில் பெருந்தொகையான பயனர்களைக் கொண்டிருந்த நிறுவனம் அது. எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்ற வேண்டுமானால் அந்த எண்ணுக்கே குறுஞ்செய்தி வர வேண்டும். அலையே இல்லாதபோது குறுஞ்செய்தி எப்படி வரும்? வங்கிக் கணக்கு, எரிவாயுப் பதிவு, ஆதார் ஆகியவற்றோடு இணைந்த எண்கள் முடங்கின. மாத இறுதியில் நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. வெவ்வேறு நிறுவனங்களின் இரு சிம் அட்டைகள் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல என்பதை அந்நிகழ்வு பலருக்கும் உணர்த்தியது.

விலைச் சரிவு

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ நிறுவனம் 4ஜி சேவையைத் தொடங்கி, 2017 மார்ச் இறுதிவரை கட்டணமின்றி வழங்கியது. அதற்குமுன் ஒரு ஜிபி தரவுக்கு 200 ரூபாய்க்கு மேல் செலவானது. பின்னர் எல்லா நிறுவனங்களும் நாளொன்றுக்கு 1 ஜிபி, 1.5 ஜிபி என்ற அளவில் மாதத் திட்டங்களை அறிவித்தன. அன்றன்றைய தரவு மிஞ்சினால் நள்ளிரவில் வீணாகும். ஆகவே கம்பி அறுந்த நாளில் அதைக் கணினிக்குப் பகிர்வது கூடுதல் செலவில்லாத செயலாகிவிட்டது. கைப்பேசி வழி மாற்று இணைப்பு நடுத்தர வீடுகளில் பரவியதற்கு முதற்காரணம் இந்த விலைச் சரிவே.

இதே காலத்தில் இணையத்தின் தேவையும் பெருகியது. 2016-இல் யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் தொடங்கியது. 2017-இல் தமிழ்நாட்டில் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. நியாய விலைக் கடைகளில் சிம் அட்டையுடன் கூடிய விற்பனைக் கருவிகள் வந்தன. 2020 அக்டோபரில் விரல்ரேகைப் பதிவு முறையும் சேர்ந்தது. மலைக் கிராமத்தில் அலை இல்லையென்றால் அரிசி வாங்குவதும் தாமதமாகும் நிலை வந்தது. இங்கே கைப்பேசி அலை மாற்று வழியாக இல்லாமல் ஒரே வழியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், இரண்டாம் அலைக்குப்பின் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளிகளும் கல்லூரிகளும் இணையவழியில் வகுப்பு நடத்தின. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி உதவியது.

ஏற்காடு நெடுங்காலமாகப் பள்ளிகளின் ஊர். 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி உட்பட இங்குள்ள உறைவிடப் பள்ளிகளின் மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். மலையிலேயே வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியை நம்பினர். தந்தை வேலைக்குச் செல்லும்போது கைப்பேசியும் சென்றுவிடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் ஒருவர்தான் படிக்க முடியும். அண்டை மாவட்டமான நாமக்கல்லில் மலையடிவார ஊர் ஒன்றில் மாணவர்கள் அலை கிடைப்பதற்காக ஆலமரத்தில் ஏறி அமர்ந்து படித்த செய்தி 2021-இல் பரவலாகப் பேசப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டைகளை விலையின்றி வழங்க அறிவித்தது. கைப்பேசித் தரவு கல்விக்குரிய பொருள் என அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். ஆனால் தரவு அட்டை இருந்தாலும் அலை இல்லாத ஊரில் அது பயன்படாது.

வீட்டிலிருந்தே பணி என்ற முறையும் இக்காலத்தில் மலைக்கு வந்தது. நகரத்து நிறுவனங்களின் பணியாளர்கள் சிலர் குளிர்ந்த ஊர்களில் வீடு எடுத்துத் தங்கினர். கம்பிவழி இணைப்பும் கைப்பேசி அலையும் இரண்டும் உள்ளதா என்று கேட்டு வீடு பார்க்கும் வழக்கம் அப்போது உண்டாயிற்று.

2024 மழையும் ஒரே பாதைச் சிக்கலும்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது. சேர்வராயன் மலையிலும் கனமழை பெய்தது. சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகள் ஒரு தொழில்நுட்ப உண்மையைப் புரியவைக்கின்றன. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே மட்டுமே அலை. கோபுரத்திலிருந்து வெளியுலகுக்குத் தரவு செல்ல வேறொரு இணைப்பு வேண்டும். அது கண்ணாடியிழை வடமாக இருக்கலாம். அல்லது ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்திற்கு நேர்கோட்டில் செல்லும் நுண்ணலை இணைப்பாக இருக்கலாம். கோபுரத்தின் வடமும் வீட்டு அகலப்பட்டையின் வடமும் ஒரே மலைப்பாதையின் ஓரத்தில் புதைந்திருந்தால், ஒரு மண்சரிவு இரண்டையும் சேர்த்தே அறுக்கும். முதன்மையும் மாற்றும் ஒரே நேரத்தில் போய்விடும். இரு மாடுகளையும் ஒரே முளையில் கட்டியது போன்றதே இது. முளை பிடுங்கினால் இரண்டும் போகும்.

ஆகவே மாற்று இணைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது வேறு நிறுவனமா என்பது மட்டுமன்று. அது வேறு வழியில் வருகிறதா என்பதும் ஆகும். ஏற்காட்டின் விளிம்பில் உள்ள சீமாட்டி இருக்கை போன்ற இடங்களிலிருந்து சேலம் நகரமே தெரியும். அத்தகைய திறந்த சரிவுகளில் சமவெளிக் கோபுரங்களின் அலையும் எட்டக்கூடும். ஜி.எஸ்.எம். முறையில் ஒரு கோபுரம் அதிகபட்சமாக 35 கிலோமீட்டர் வரை கைப்பேசியோடு பேச முடியும். மலைமீது உள்ள கோபுரம் நின்றுபோனாலும், இந்த விளிம்பு வீடுகளில் அடிவார அலை கிடைக்க வாய்ப்புண்டு. உட்பள்ளங்களில் உள்ள ஊர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பேரிடர்க் காலங்களில் ஒரு நிறுவனத்தின் பயனர் மற்ற நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் ரோமிங் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை அண்மை ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தி வருகிறது. அப்போது கைப்பேசி அமைப்பில் நிறுவனத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் முறை இயக்கத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரமும் கூட்டமும்

கம்பி அறுவதைவிட அடிக்கடி நிகழ்வது மின்தடை. வீட்டின் ரவுட்டரும் கண்ணாடியிழைப் பெட்டியும் மின்சாரம் இல்லாமல் இயங்கா. இணைப்பு நன்றாக இருந்தும் இணையம் கிடைக்காத நேரங்களில் பாதிக்கு மேல் இதுவே காரணமாக இருக்கலாம். ரவுட்டருக்கான சிறிய மின்கலப் பெட்டி ஒன்று சில மணி நேரம் தாங்கும். கைப்பேசி மாற்றுக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடு இது. கோபுரங்களுக்கும் மின்கலமும் டீசல் இயந்திரமும் உண்டு. நீண்ட மின்தடையில் மலைப்பாதை மூடப்பட்டால் டீசல் மேலே வருவது தடைப்பட்டு, கோபுரமும் ஓயும்.

மற்றொரு சிக்கல் கூட்டம். மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் நடைபெறும்போது ஆயிரக்கணக்கானோர் மலைக்கு வருகின்றனர். கோபுரத்தின் கொள்ளளவை எல்லோரும் பங்கிட்டுக் கொள்வதால் அலைக்கோடுகள் நிறைந்து தெரிந்தாலும் தரவு நகராது. கைப்பேசி மாற்று மிகவும் நலிவுறும் நாட்கள் இவை.

இன்றைய நடைமுறை

தற்போது வழக்கில் உள்ள முறைகள் மூன்று.

வைஃபை ஹாட்ஸ்பாட்: எளிய முறை. பல கருவிகளை இணைக்கலாம். கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும்; சூடும் ஏறும். கடவுச்சொல் இன்றித் திறந்து வைத்தல் கூடாது.

யு.எஸ்.பி. வடம்: ஒரே கணினிக்கு ஏற்றது. கைப்பேசி கணினியிலிருந்தே மின்னேற்றம் பெறும். இணைப்பு நிலையாக இருக்கும்.

சிம் அட்டையுடன் கூடிய ரவுட்டர்: கம்பி இணைப்பு நின்றதும் தானாகவே 4ஜிக்கு மாறும் வகை உண்டு. பழைய கைப்பேசியை யு.எஸ்.பி. வழியாக ஏற்கும் ரவுட்டர்களும் உண்டு. விடுதிகள், மருத்துவமனைகள், தோட்ட அலுவலகங்களுக்கு இது பொருத்தம்.

எம்முறையாயினும் கைப்பேசியை வைக்கும் இடம் முக்கியம். பழைய பங்களாக்களின் தடித்த கற்சுவரும் தகரக் கூரையும் அலையைத் தடுக்கும். கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலருகே வைப்பதே பயன் தரும். 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்றவை வேகம் மிக்கவை ஆனாலும் விரைவில் தளர்ந்துவிடும். ஆகவே மலையில் மிக வேகமான சேவையைவிடத் தாழ்ந்த அலைவரிசையில் வரும் சேவையே நல்ல மாற்றாகலாம்.

தரவுச் சிக்கனமும் வேண்டும். ஒரு மணி நேர ஒளிக்காட்சி வகுப்பு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். ஒலி மட்டும் என்றால் அதில் சிறு பகுதியே போதும். கணினியின் தானியங்கிப் புதுப்பிப்புகள் ஒரு நாள் தரவை ஒரே மூச்சில் தீர்த்துவிடும். ஹாட்ஸ்பாட்டை அளவிடப்பட்ட இணைப்பு என்று கணினியில் குறித்து வைத்தால் இது தவிர்க்கப்படும்.

எட்டாத ஊர்கள்

2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசியக் கண்ணாடியிழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை வடம் கொண்டு செல்வதற்காக டான்ஃபினெட் என்னும் அரசு நிறுவனம் 2018-இல் ஏற்படுத்தப்பட்டது. சேர்வராயன் மலை ஊராட்சிகளும் இந்த எண்ணிக்கையில் அடங்கும். ஊராட்சி அலுவலகம் வரை வடம் வந்தாலும், அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளியுள்ள குக்கிராமத்திற்கு அலையே துணை.

2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அச்சேவையைக் கொண்டு செல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. 2023 ஜனவரியில் அகலப்பட்டை என்பதன் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த பி.எஸ்.என்.எல். 4ஜி வலையமைப்பு, சுமார் 97,500 கோபுரங்களுடன் முறையாகத் தொடங்கப்பட்டது. மலைப்பகுதிகளில் தனியார் நிறுவனங்கள் வராத இடங்களில் இதன் பங்கு பெரிது.

மதிப்பீடு

1995-இல் 9.6 கிலோபிட்டில் தொடங்கிய இணையம், முப்பது ஆண்டுகளில் கைப்பேசியைப் பகிர்ந்தாலே ஒரு வீட்டின் தேவைக்குப் போதும் என்ற நிலைக்கு வந்துள்ளது. இவ்வளர்ச்சியில் இரண்டு வாசல்கள் கிடைத்தவர்கள் ஊர் நடுவில் வாழ்பவர்கள். ஒரு வாசல் மட்டும் உள்ளவர்கள் குக்கிராமத்தவர். நடு இரவில் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய கர்ப்பிணிக்கும், இணையத் தேர்வின் கடைசி நாளில் விண்ணப்பிக்கும் மாணவிக்கும் அந்த ஒரே வாசல் திறந்திருக்க வேண்டும்.

எனவே மலையூர்களில் மாற்று இணைப்பு என்பதைத் தனிமனிதரின் முன்னெச்சரிக்கையாக மட்டும் காண்பது போதாது. கோபுரங்களுக்கு இருவேறு பாதைகளில் இணைப்பு, நீண்ட நேரம் தாங்கும் மின்கலம், ஊராட்சி அலுவலகம், பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம் ஆகியவற்றில் கம்பியும் அலையும் என இரு வழிகள் ஆகியவை பொது ஏற்பாடாக அமைய வேண்டும். மலைக்கு ஏறும் சாலை இரண்டு இருப்பதன் அருமையை ஏற்காட்டு மக்கள் 2024 மழையில் அறிந்தனர். செய்தி செல்லும் பாதைக்கும் அதே கணக்குப் பொருந்தும்.